ரயில் சத்தம் முதல்ல வரணும்: ஹிப்ஹாப் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க ராப்பர் நாஸோட இல்மாட்டிக் ஆல்பம் பத்தி ரெண்டு பாரா எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. சில பேர் திட்டியிருக்கீங்க, சில பேர் லிஸ்ட் கேட்டிருக்கீங்க. லிஸ்ட் போடுறதுல எனக்கு இஷ்டமில்ல, ஆனா கேட்ட கேள்விக்கெல்லாம் மனசுல பட்டதைச் சொல்றேன்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு காலேஜ் ஸ்டூடண்ட்: அண்ணா, நாஸோட இல்மாட்டிக்தான் பெஸ்ட்னு எழுதியிருந்தீங்க. மொத்தமே 40 நிமிஷம்தான், 10 ட்ராக், அதுலயும் ஒண்ணு இன்ட்ரோ. இப்ப வர்ற ஆல்பத்துல 20, 25 பாட்டு தர்றாங்க. பழசுங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் தூக்கி வெச்சு பேசுறீங்களா?

பழசுங்கிறதுக்காக இல்ல தம்பி. அதே 1994ல வந்த எத்தனையோ ஆல்பத்தை நான் ஒரு தடவைக்கு மேல கேட்டதே இல்ல.

நான் இல்மாட்டிக்கை முதல்ல கேட்டது ஹாஸ்டல்ல, ஃப்ரெண்ட் எழுதிக் கொடுத்த ஒரு எம்பி3 சிடியில. அந்த ஃபைல்ல ட்ராக் நம்பர் கிடையாது, பாட்டு பேரு மட்டும்தான், அதனால ப்ளேயர் ஏ பி சி டி வரிசையில ஓட்டும். ஹாஃப்டைம் முதல்ல வரும், ஆல்பத்தோட கடைசிப் பாட்டு ரெண்டாவதா வரும், தி ஜெனஸிஸ்ங்கிற இன்ட்ரோ, அதான் அந்த ரயில் ஓடுற சத்தம், ஒன்பதாவதா வரும். ரெண்டு வருஷம் அப்படியே கேட்டேன். பிடிச்சிருந்துச்சு, நல்ல பாட்டுங்கன்னு நினைச்சேன், அவ்ளோதான். அப்புறம் ஒரு நாள் ஒருத்தர்கிட்ட ஒரிஜினல் சிடி வாங்கி முதல்ல இருந்து போட்டேன். நியூயார்க் ரயில் தடதடன்னு போகுது, அதுக்குள்ள நாஸ் 1991ல மெயின் சோர்ஸ் குரூப்போட பாட்டுல பாடின பழைய வெர்ஸ் மங்கலா கேக்குது, பசங்க பேசிக்கிறாங்க, எல்லாம் முடிஞ்சு ப்ரொட்யூசர் டிஜே பிரீமியரோட அந்த இருட்டான பியானோ லூப், திரும்பத் திரும்ப ஓடுற அந்தத் துண்டு, விழுது. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னு நாஸ் முணுமுணுக்கிறதுகூட ரெக்கார்டிங்ல அப்படியே இருக்கு, யாரும் வெட்டல. அடுத்த நொடி ஆரம்பிக்கிறாரு பாருங்க, மூச்சு விடாம போகும். எனக்கு அன்னிக்குத்தான் இது பத்து பாட்டு இல்ல, ஒரே ஊரு, ஒரே ராத்திரின்னு புரிஞ்சுச்சு. ரயில் சத்தம் முதல்ல வரணும். அது ஒன்பதாவதா வந்தா வெறும் சத்தம்தான்.

அந்த ஊரு குயின்ஸ்பிரிட்ஜ், நியூயார்க்ல அரசாங்கம் கட்டின பெரிய குடியிருப்பு. நாஸ் அங்க வளர்ந்த பையன், ஆல்பம் வரும்போது வயசு 20. லைஃப்ஸ் எ பிட்ச் பாட்டுல இன்னிக்கு எனக்கு இருபது ஆச்சுன்னு சொல்றாரு. அந்தப் பாட்டு முடியும்போது ட்ரம்பெட் மாதிரி ஒரு கார்னெட் மெதுவா வந்து கலக்குமே, அதை வாசிக்கிறது அவரோட அப்பா ஒலு டாரா. அந்த வாசிப்பு அரை நிமிஷம் இருக்குமோ என்னவோ, எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு தொண்டை அடைக்கும். ஆல்பம் முழுக்க விருந்தாளியா வந்த ராப்பர் ஒரே ஒருத்தர், ஏஇசட், அதுவும் இதே பாட்டுல.

பிரீமியர், பீட் ராக், லார்ஜ் ப்ரொஃபஸர், க்யூ டிப், எல்.இ.எஸ். அப்படின்னு அஞ்சு ப்ரொட்யூசர், அதாவது ராப்புக்கு அடியில ஓடுற இசையை, பீட்டை, பண்றவங்க வேலை செஞ்சாங்க, அப்பல்லாம் ஒரு ஆல்பத்துக்கு ஒரு ஆளோ ஒரு டீமோ பீட் பண்றதுதான் வழக்கம். இதைப் பார்த்துட்டு அப்புறம் வந்த எல்லாரும் ஆளுக்கொரு பெரிய பேருகிட்ட பீட் வாங்கி ஒட்ட ஆரம்பிச்சாங்க, பாதி ஆல்பம் சந்தையில பொறுக்கின சாமான் மாதிரி ஆச்சு. இல்மாட்டிக் அப்படி ஆகாததுக்குக் காரணம் அஞ்சு பேருமே நியூயார்க் ஹிப்ஹாப்ல வேலை செஞ்சவங்க, ஒரே மாதிரி பழைய ஜாஸ், சோல் ரெக்கார்டைத் தேடித் தேடி சாம்பிள் எடுத்தவங்க, அதாவது அதுல ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டுல சேர்த்தவங்க. குறை இல்லாமயும் இல்ல, ஒன் டைம் ஃபோர் யுவர் மைண்ட் மத்த பாட்டு பக்கத்துல கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு. 1999ல அதே நாஸ் நாஸ்ட்ரடாமஸ்னு ஒண்ணு போட்டாரு, அவசரத்துல பண்ணினது, அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இருபத்தஞ்சு பாட்டு விஷயத்துக்கு வர்றேன். 2014 டிசம்பர்ல அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் சார்ட்ல 1,500 ஸ்ட்ரீம் ஆனா ஒரு ஆல்பம் வித்த மாதிரின்னு கணக்கு வெச்சாங்க. அப்ப பாட்டு எண்ணிக்கை ஏற ஏற ஸ்ட்ரீமும் ஏறும், சார்ட்ல இடமும் ஏறும். ராப்பர் ட்ரேக்கோட ஸ்கார்பியன் 2018ல வந்துச்சு, 25 பாட்டு, முதல் பாதி ராப், ரெண்டாம் பாதி ஆர் அண்ட் பி. அதுல 11 பாட்டை மட்டும் வெச்சு ஒரு சிடி போட்டிருந்தா அவரோட நல்ல ஆல்பத்துல ஒண்ணா நின்னிருக்கும், நைஸ் ஃபார் வாட் எல்லாம் அவ்ளோ நல்ல பாட்டு. மிச்சத்தை ஏன் விட்டு வெச்சாங்கன்னு கேட்டா எனக்கு அந்தக் கணக்குதான் ஞாபகம் வருது. எதை வைக்கணும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும் தம்பி, எதை வெளியில விடணும்ங்கிறதுலதான் ஆளு யாருன்னு தெரியும்.

சேலம் வாசகர்: டூபாக் ஆல்பத்துல ஆல் ஐஸ் ஆன் மீதானே டாப்?

இல்லங்க. 1996ல வந்த அந்த டபுள் சிடியில 27 பாட்டு. ஜெயில்ல இருந்து வெளிய வந்த கையோட வெறி பிடிச்ச மாதிரி ரெக்கார்ட் பண்ணினாரு, அந்த வேகம் கேக்குது, ஆனா ரெண்டாவது சிடியில பாதி பார்ட்டி பாட்டு, ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு. அதுக்கு முந்தின வருஷம் வந்த மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட் கேளுங்க. சாவு பயம், அம்மா, தனிமைன்னு ஒரு மனுஷன் கதவைச் சாத்திட்டு தனக்குள்ள பேசிக்கிற மாதிரி இருக்கும். அது நம்பர் ஒன் ஆனப்ப அவரு ஜெயில்ல இருந்தாரு. எனக்கு டூபாக்னா அதுதான்.

திருச்சி வாசகி: கெண்ட்ரிக் லமாரோட டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை மாஸ்டர்பீஸ்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு மூணு தடவை கேட்டேன் சார். ஒண்ணும் ஒட்டல. தப்பு என் மேலயா?

உங்க மேல தப்பு இல்ல மேடம், நானும் ரெண்டு மாசம் அதைத் தள்ளி வெச்சிருந்தேன். 2015 மார்ச்ல வந்தப்ப அவரோட முந்தின ஆல்பம் மாதிரி கதை இருக்கும்னு நினைச்சுப் போட்டா, தண்டர்கேட்டோட பேஸ் கிடார் ஒரு பக்கம் வழுக்குது, டெரஸ் மார்ட்டினும் கமாசி வாஷிங்டனும் சாக்ஸபோன்ல ஒரு பக்கம் இழுக்குறாங்க, காலை ஊன ஒரு இடம் கிடைக்கல.

ஒண்ணு பண்ணுங்க. பாட்டுக்கு நடுநடுவுல கெண்ட்ரிக் ஒரு கவிதை சொல்லுவாரு, கவனிச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சு இன்னும் ரெண்டு வரி கூட்டிச் சொல்லுவாரு. நம்ம வீட்டுப் பெரியவங்க கதை சொல்லும்போது நேத்து விட்ட இடம் வரைக்கும் திருப்பிச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போவாங்களே, அந்த மாதிரி. அவரு எந்த வரியில நிறுத்துறாரோ அடுத்த பாட்டு அந்த வரியைப் பத்தித்தான். நிறுத்தினது ஹோட்டல் ரூம்ல கதறினதைச் சொல்ற வரின்னா, அடுத்து வர்ற யூங்கிற பாட்டுல குரல் உடைஞ்சு, பாட்டில் சத்தத்தோட, தன்னைத்தானே திட்டிக்கிட்டு அழறாரு. அந்தக் கவிதையைக் கையில பிடிச்சுக்கிட்டா வழி தெரியும்.

ஹவ் மச் எ டாலர் காஸ்ட்னு ஒரு பாட்டு, அதை மட்டும் தனியா ஒரு தடவை வரிகளைப் பார்த்துக்கிட்டே கேளுங்க. தென்னாப்பிரிக்காவுல ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பிச்சைக்காரர் வந்து காசு கேக்குறாரு, கெண்ட்ரிக் தர மாட்டேங்குறாரு, இவன் போதைக்குத்தான் கேக்குறான்னு மனசுக்குள்ள தீர்ப்பு எழுதுறாரு, அவரு நகராம பார்த்துக்கிட்டே நிக்கிறாரு, இவருக்குக் கோவம் ஏறுது. கடைசியில பார்த்தா நின்னது கடவுள். சிவனடியார் வேஷத்துல வாசல்ல வந்து நின்ன கதையெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசே இல்ல, அதனாலயே நேரா உள்ள இறங்கும். 2015ல தனக்குப் பிடிச்ச பாட்டுன்னு ஒபாமா சொன்னது இதைத்தான்.

ஆனா எனக்கு இந்த ஆல்பத்து மேல ஒரு வருத்தம் உண்டு. கடைசிப் பாட்டு 12 நிமிஷம், அதுல டூபாக் 1994ல கொடுத்த ஒரு ரேடியோ பேட்டியை வெட்டி ஒட்டி, கெண்ட்ரிக் அவரோட நேர்ல பேசுற மாதிரி பண்ணியிருக்காரு. அது வரைக்கும் சிலிர்க்கும். அதுக்கப்புறம் புழுன்னா என்ன, பட்டாம்பூச்சின்னா என்னன்னு உக்கார வெச்சு விளக்குறாரு பாருங்க, விடுகதை போட்டவரே விடையையும் சொல்லிட்ட மாதிரி ஆயிடுச்சு. கேட்டுக்கிட்டே வந்தவங்களுக்கு அது புரியாதா?

2012ல வந்த குட் கிட் மேட் சிட்டில இந்தக் குறை இல்ல, அதனால நான் அதைத்தான் மேல வைப்பேன், நீங்களும் அதுல இருந்து ஆரம்பிங்க. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்கிற காம்ப்டன்ல ஒரு பையன் அம்மாவோட வேனை எடுத்துட்டு ஒரு பொண்ணைப் பார்க்கப் போறான், அந்த ஒரு நாள்ல என்னென்னமோ நடந்து போகுது. நடுவுல வாய்ஸ்மெயில் வந்துக்கிட்டே இருக்கு, அம்மா வேனைக் கொண்டாடான்னு கேக்குறாங்க, பின்னாடி அப்பா என் டாமினோ கட்டை எங்கடான்னு கத்துறாரு. வெளிய துப்பாக்கிச் சூடு, வீட்டுல டாமினோ காணோம்ங்கிற கவலை, ஒரே ஊருக்குள்ள ரெண்டும். எதையும் விளக்கல. காம்ப்டன் பாட்டோட ஆல்பம் முடியுற இடத்துல, அம்மா வேனை எடுத்துக்குறேன், பதினஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்னு பையன் சொல்றது கேக்கும். கதை முழுக்கக் கேட்டு முடிச்ச நமக்குத்தான் தெரியும் பதினஞ்சு நிமிஷத்துல அவன் வரப்போறதில்லன்னு.

அதே வாசகி: கெண்ட்ரிக்கோட டேம்ன் ஆல்பத்துக்குப் புலிட்சர் விருது கொடுத்தது சரியா?

சரிதான். க்ளாசிக்கலும் ஜாஸும் மட்டுமே வாங்கிட்டு இருந்த மியூசிக் புலிட்சரை 2018ல அது வாங்குச்சு, கதவு திறந்தது நல்ல விஷயம். ஆனா அவரோட ஆல்பத்துல எனக்கு அது மூணாவது இடம். தலைகீழா, கடைசிப் பாட்டுல இருந்து முதல் பாட்டுக்கு வந்தாலும் கதை நிக்கும்னு கட்டியிருக்காரு, 2017 டிசம்பர்ல அந்த வரிசையிலயே ஒரு பதிப்பும் விட்டாங்க. கேட்டுப் பாருங்க, எனக்கு தலைகீழ் வரிசைதான் பிடிச்சிருக்கு.

திருநெல்வேலியில் இருந்து ஒரு தாய்: என் பையனுக்கு 15 வயசு. நாள் பூரா எமினெம் கேக்குறான். கெட்ட வார்த்தைன்னு தெரியுது, அதுக்கு மேல எனக்குப் புரியல. தடுக்கணுமா?

தடுத்தா ஹெட்ஃபோன்ல கேப்பான்மா. அதைவிட, அவனோட உக்காந்து ஸ்டான்ங்கிற பாட்டை வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொல்லச் சொல்லிக் கேளுங்க. 2000ல வந்த தி மார்ஷல் மேதர்ஸ் எல்பி ஆல்பத்துல இருக்கு. ஒரு ரசிகன் லெட்டர் மேல லெட்டர் எழுதுறான், பின்னாடி மழை, பென்சில் உரசுற சத்தம், பதில் வரலன்னு ஒவ்வொரு லெட்டர்லயும் குரல் மாறுது, மூணாவதா லெட்டருக்குப் பதிலா கார் ஓட்டிக்கிட்டே கேசட்ல பேசுறான், அதுலயே செத்துப் போயிடுறான். நாலாவது வெர்ஸ்ல எமினெம் பொறுமையா பதில் எழுத உக்காருறாரு, எழுதிக்கிட்டே வரும்போதுதான் நியூஸ்ல பார்த்த ஆளு இவன்தான்னு அவருக்கு உறைக்குது. ஒரு சிறுகதை அம்மா அது. வெறித்தனமான ரசிகனுக்கு இங்கிலீஷ்ல ஸ்டான்னே பேரு வந்து, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே ஏறிடுச்சு. பதினஞ்சு வயசுப் பையன் ரசிகனா இருக்கிறதைப் பத்தி யோசிக்க அதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியல.

அதே ஆல்பத்துல கிம்னு ஒரு பாட்டு இருக்கு. அப்ப அவரோட மனைவியா இருந்தவங்களோட நிஜப் பேரு, அவங்களைக் கொல்ற மாதிரி ஆறு நிமிஷம் கத்துறாரு. திறமையா பண்ணியிருக்காரு, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. கதைதானேன்னு என்னால கடந்து போக முடியல, ஏன்னா பேரு கதையில இல்ல, வீட்டுல இருந்துச்சு. நான் அந்தப் பாட்டைத் தாண்டிடுவேன், இருபது வருஷமா தாண்டுறேன். கெட்ட வார்த்தை நீக்கின பதிப்புல அதை எடுத்துட்டு வேற பாட்டு வெச்சாங்க. பையன்கிட்ட நீங்க தைரியமா கேளுங்க, இந்தப் பாட்டு உனக்கு எப்படிடா இருக்குன்னு.

இது எமினெமோட முடியுற விஷயமும் இல்ல. அவரை வளர்த்த டாக்டர் ட்ரேயோட தி க்ரானிக் 1992ல வந்தது, அந்த மெதுவான ஃபங்க், அந்த சின்த் சத்தம், ராப்பர் ஸ்னூப் டாக்கோட குரல், சவுண்டா பார்த்தா அந்த வருஷத்துல அதுக்கு ஈடு இல்ல. ஆனா பொண்ணுங்களைப் பத்தி அதுல பேசுற பேச்சைக் கேட்டுட்டு, அதுக்கு முந்தின வருஷம் டீ பார்ன்ஸ்ங்கிற டிவி தொகுப்பாளரை ட்ரே அடிச்சு கேஸ் ஆனதையும் தெரிஞ்சுக்கிட்டா, முன்ன மாதிரி தலையாட்டிக்கிட்டு கேக்க முடியல. ரெண்டும் உண்மை, நான் ரெண்டையும் சேர்த்தேதான் சொல்லுவேன்.

புதுச்சேரி வாசகர்: லாரன் ஹில் ஏன் ரெண்டாவது ஆல்பம் போடல? அந்த முதல் ஆல்பம் அவ்ளோ பெருசா?

ஸ்டூடியோ ஆல்பம்னு பார்த்தா 1998ல வந்த தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரன் ஹில் ஒண்ணுதான், அடுத்த வருஷம் க்ராமில அஞ்சு விருது, வருஷத்தோட சிறந்த ஆல்பம்ங்கிற விருதை வாங்கின முதல் ஹிப்ஹாப் ஆல்பமும் அதுதான். ஆல்பம் ஆரம்பிக்கிறதே ஒரு க்ளாஸ் ரூம்ல. மணி அடிக்குது, வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்குறாரு, ஒவ்வொரு பிள்ளையா உள்ளேன் சொல்லுது, லாரன் ஹில்னு கூப்பிடுறாரு, பதில் இல்ல. திரும்பக் கூப்பிடுறாரு, பதில் இல்ல. அடுத்த நொடி லாஸ்ட் ஒன்ஸ்ங்கிற பாட்டு வெடிச்சு வருது. க்ளாஸுக்கு வராத பொண்ணு எங்க போச்சு, என்ன கத்துக்கிச்சுங்கிறதுதான் மொத்த ஆல்பமும். அந்த வாத்தியார் குரல் ராஸ் பராகாவோடது, பின்னாடி நூவர்க் நகரத்துக்கு மேயராவே ஆனாரு.

குறை சொல்லணும்னா, அந்த க்ளாஸ் ரூம் பேச்சு நடுவுல வந்துக்கிட்டே இருக்கு, முதல்ல இருந்த கூர்மை போகப் போக இல்ல. லாஸ்ட் ஒன்ஸ் மாதிரி முழுசா ராப் பண்ற பாட்டு இன்னும் ரெண்டு வேணும்னு ஏங்கியிருக்கேன், ராப்பரா அவங்களுக்கு இணை கொஞ்சம் பேருதான். கூட வேலை செஞ்ச இசைக்கலைஞர்கள் எங்க பேரைச் சரியா போடலன்னு கேஸ் போட்டு 2001ல சமரசம் ஆச்சு. அது ரொம்ப வலிச்சிருக்கும். ரெண்டாவது வரலையேன்னு நான் வருத்தப்படுறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு, ஒண்ணு இருக்கே.

மதுரை வாசகர்: நம்ம இளையராஜா பாட்டை வெளிநாட்டு ஹிப்ஹாப்காரங்க சாம்பிள் பண்ணியிருக்காங்களா?

பண்ணியிருக்காங்க. ப்ளாக் ஐட் பீஸ் 2003ல போட்ட எலிஃபங்க் ஆல்பத்துல தி எலிஃபங்க் தீம் கேளுங்க, ஸ்ரீ ராகவேந்திரர் படத்துல வர்ற உனக்கும் எனக்கும் பாட்டு அது. சாம்பிள் சூப்பர், ஆல்பம் சுமார், எல்லாருக்கும் பிடிக்கணும்னு பண்ணி மழுங்கிப் போச்சு.

எம்.ஐ.ஏ.வோட கலா (2007) வேற ரகம். யாழ்ப்பாணத்துல சின்ன வயசு கழிச்சு லண்டன் போன நம்ம தமிழ்ப் பொண்ணு, முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரு அருளர், இதுக்கு அம்மா பேரு. முதல் பாட்டு பாம்பூ பங்காலயே தளபதியோட காட்டுக்குயிலு உள்ள புகுந்து வரும், பேர்ட் ஃப்ளூல உறுமி அடி. ஊர்த் திருவிழாவுல உறுமி சத்தம் வயித்துல இறங்குமே, அது லண்டன் கிளப் ஸ்பீக்கர்ல இறங்கினா எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கடைசியில அமெரிக்க ப்ரொட்யூசர் டிம்பலண்டோட ஒரு பாட்டு ஒட்டி விட்டிருக்காங்க, அது மட்டும் வேற ஆல்பத்துல இருந்து தவறி வந்த மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடியே நிறுத்திக்கலாம்.

சென்னை வாசகர்: ஜே டில்லாவோட டோனட்ஸ்ல யாரும் பாடவே இல்ல, ஒரு ட்ராக் ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது. இது ஆல்பமா, இல்ல பீட் சாம்பிள் கேசட்டா?

நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். 31 ட்ராக், பெரும்பாலும் ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள. டில்லா டெட்ராய்ட்கார ப்ரொட்யூசர், ரத்தத்துல வர்ற ஒரு அரிய நோய், உடம்பு முடியாம ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்ச காலத்துல முடிச்சது. 2006 பிப்ரவரி 7, அவரோட 32வது பொறந்தநாள் அன்னிக்கு ஆல்பம் வந்துச்சு, மூணு நாள் கழிச்சு இறந்துட்டாரு.

டோன்ட் க்ரைங்கிற ட்ராக்கை மட்டும் நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க. முதல்ல எஸ்கார்ட்ஸ் பாடின பழைய சோல் பாட்டை அப்படியே ஓட விடுறாரு, நீ அழறதைப் பார்க்க முடியலங்கிற பாட்டு அது. இதுல என்ன இருக்குன்னு நீங்க நினைக்கிற நேரத்துல அதே பாட்டைத் துண்டு துண்டா வெட்டி வேற வரிசையில அடுக்கித் தர்றாரு, உங்க கண்ணு முன்னாடியே. வார்த்தையை உடைச்சு விம்மல் மாதிரி ஆக்கிடுறாரு. யாரு யாரை அழாதேன்னு சொல்றாங்கன்னு யோசிச்சா ரெண்டாவது தடவை கேக்குறது கஷ்டம். இப்ப யூட்யூப்ல படிக்கிறதுக்குன்னு மணிக்கணக்கா ஓடுற லோஃபை பீட் எல்லாம் இவருகிட்ட கடன் வாங்கினதுதான், மென்மையை மட்டும் வாங்கிட்டு இந்த வெட்டை விட்டுட்டாங்க.

ஆல்பம்தானான்னு கேட்டீங்களே, ட்ராக் பேரைப் பாருங்க. முதல் ட்ராக் பேரு அவுட்ரோ, கடைசி ட்ராக் வெல்கம் டு தி ஷோ. ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு, ரிப்பீட்ல போட்டு, ராத்திரி விளக்கை அணைச்சுட்டு படுங்க. கடைசி ட்ராக் முடியுற இடமும் முதல் ட்ராக் ஆரம்பிக்கிற இடமும் தையல் தெரியாம ஒட்டிக்கும், எங்க முடிஞ்சுச்சுன்னே தெரியாம திரும்ப ஓட ஆரம்பிச்சிருக்கும்.